மேல்கோட்டை மலைப் பாதையில் பெண்கள் சைக்கிள் பந்தயம்: ஏன் கூடாது?

பிரான்சு நாட்டில் 2025 ஜூலை 26 முதல் ஆகஸ்டு 3 வரை ஒன்பது நாட்கள் பெண்களுக்கான சைக்கிள் பந்தயம் ஒன்று நடந்தது. கடற்கரை ஓரத்திலே கிளம்பி ஆல்ப்ஸ் மலை உச்சிகளிலே போய் முடிந்த பந்தயம் அது. தூரம் 1,100 கிலோ மீட்டருக்கும் மேல். கடைசி இரண்டு நாட்களிலும் மலை ஏற வேண்டும். அந்த இரண்டு நாளும் முதலாவதாக வந்து பட்டத்தைத் தட்டிச் சென்றவர் பாலின் ஃபெரான் பிரெவோ என்ற பிரெஞ்சு வீராங்கனை. 1989-க்குப் பிறகு இந்தப் பட்டம் பிரெஞ்சுப் பெண் ஒருவருக்குக் கிடைத்தது இதுவே முதல் தடவை.

"எங்கேயோ வெள்ளைக்காரிகள் சைக்கிள் விடுகிறார்கள். அதனால் நமக்கு என்ன?" என்று மண்டியா சர்க்கரை ஆலையிலோ, பெங்களூர் பீனியா பட்டறையிலோ வேலை பார்க்கும் நம்மவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கர்நாடகத்தில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு முதல் சொத்தே ஒரு சைக்கிள்தான். அப்பா அதில்தான் ஆலை கேட்டுக்குப் போனார். இன்று அதே வீட்டில் மகளும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். பள்ளிக்கூடத்தோடு அவள் நின்றுவிட வேண்டுமா, அதற்கு மேலும் போகலாமா என்பதே இங்கே பேச்சு.

பல கட்டப் பந்தயம் என்றால் என்ன?

ஒரே நாளில் முடிந்துவிடும் போட்டி அல்ல இது. தினம் ஓர் ஊரில் புறப்பட்டு இன்னோர் ஊரில் முடியும். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். எல்லாக் கட்டங்களிலும் ஒருவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். யாருடைய மொத்த நேரம் குறைவோ அவரே வெற்றியாளர். அன்றன்றைக்கு முன்னணியில் இருப்பவர் மஞ்சள் சட்டை அணிந்து ஓட்டுவார். ஒரு நாள் கூட முதலில் வராதவர் மொத்தத்தில் ஜெயித்துவிடுவதும் உண்டு.

பார்ப்பதற்குத் தனி ஆள் ஆட்டம். உண்மையில் கூட்டு வேலை. முன்னால் போகிறவர் எதிர்க் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் போகிறவருக்குச் சிரமம் வெகுவாகக் குறையும். ஆகவே அணியினர் முறை வைத்து முன்னால் போவார்கள். மேல்கோட்டை வைரமுடி உற்சவத்தில் பெருமாளைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் தோள் மாற்றிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். உலா வருவது பெருமாள். வியர்வை சிந்துவது பலர். பட்டம் ஒருவர் பெயரில் எழுதப்பட்டாலும் அதற்காகத் தன் வெற்றியைத் தியாகம் செய்தவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள்.

நின்று நின்று வந்த சரித்திரம்

பெண்களுக்கு இந்த வாய்ப்பு சுலபத்தில் வரவில்லை. 1924-ல் இத்தாலி நாட்டைச் சுற்றும் ஆண்கள் பந்தயத்தில் அல்ஃபோன்சினா ஸ்திராதா என்ற பெண்மணி கலந்துகொண்டார். பெயரின் கடைசி எழுத்தை விட்டுவிட்டு ஆண் பெயர் போலப் பட்டியலில் போட்டார்கள். 1955-ல் பிரான்சில் பெண்களுக்கென்று ஐந்து கட்டப் பந்தயம் ஒன்று நடந்தது. அதோடு சரி, மறு வருஷம் இல்லை.

1984-ல் மீண்டும் தொடங்கினார்கள். 18 கட்டங்கள். ஆண்கள் ஓட்டும் அதே நாளில், அதே சாலைகளில், சில மணி நேரம் முன்னதாகப் பெண்கள் ஓட்டினார்கள். தூரம் மட்டும் குறைவு. அமெரிக்காவைச் சேர்ந்த மேரியன் மார்ட்டின் ஜெயித்தார். அவருக்குக் கிடைத்தது ஒரு கோப்பையும் ஆயிரம் டாலரும். அதே ஆண்டு ஆண்கள் பிரிவில் வென்றவருக்குக் கிடைத்ததோ லட்சம் டாலருக்கு மேல்!

அந்தப் பந்தயமும் 1989-டன் அந்த உருவில் நின்றது. வேறு வேறு பெயர்களில் கொஞ்ச காலம் இழுத்துக்கொண்டு கிடந்தது. 2014-ல் ஒரே ஒரு நாள் போட்டி என்று ஆறுதல் பரிசு போலக் கொடுத்தார்கள். 2022 ஜூலையில்தான் எட்டுக் கட்டங்களோடு முழுப் பந்தயம் திரும்பி வந்தது. நெதர்லாந்தின் அன்னெமீக் ஃபான் ஃப்ளூட்டன் வென்றார். அவருக்குப் பரிசு 50,000 யூரோ. ஆண்கள் பட்டத்துக்கு ஐந்து லட்சம் யூரோ. ஆண்கள் ஓட்டுவது 21 கட்டங்கள் என்பதைக் கணக்கில் எடுத்தாலும் வித்தியாசம் பெரிதுதான்.

1989-க்கும் 2022-க்கும் இடையே பெண்களின் காலில் பலம் குறைந்துவிட்டதா? இல்லை. பணம் போட ஆள் இல்லை. டெலிவிஷனில் காட்ட ஆள் இல்லை. 2022-ல் இரண்டும் கிடைத்தன, பந்தயமும் நிலைத்தது. இதற்கிடையே உலக சைக்கிள் சம்மேளனம் முதல் நிலைப் பெண்கள் அணிகளுக்கு 2020 முதல் குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயித்தது. சங்கத்தில் சந்தா கட்டும் நம் தொழிலாளருக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் நிச்சயம் என்றால்தான் ஒரு பெண் மற்ற வேலையை விட்டுவிட்டுப் பயிற்சி எடுக்க முடியும்.

நாலே வினாடி

2024-ல் நடந்ததைக் கேளுங்கள். எட்டுக் கட்டங்கள், சுமார் 950 கிலோ மீட்டர், 24 மணி நேரத்துக்கும் மேலான ஓட்டம். முடிவில் போலந்தின் காஷியா நியெவியாடோமாவுக்கும் நெதர்லாந்தின் டெமி ஃபொல்லெரிங்குக்கும் இருந்த இடைவெளி வெறும் 4 வினாடி! ஃபொல்லெரிங் ஐந்தாம் கட்டத்தில் கீழே விழுந்து ஒன்றே முக்கால் நிமிஷத்தை இழந்தவர். கடைசி நாள் ஆல்ப் துவெஸ் மலையில் முதலாவதாக வந்தும் அந்த நஷ்டத்தை முழுதும் மீட்க முடியவில்லை. ஆண்கள் பந்தயத்தின் நீண்ட சரித்திரத்தில் கூட மிகக் குறைந்த இடைவெளி 8 வினாடிதான், அது 1989-ல். பெண்கள் போட்டியில் விறுவிறுப்பு இராது என்று சொல்லி வந்தவர்கள் அன்றோடு வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

நம் நாட்டு நிலைமை

சைக்கிளும் பெண்ணும் என்ற விஷயத்தில் உலகத்துக்கே வழி காட்டியது நம் புதுக்கோட்டை. 1991-92-ல் அறிவொளி இயக்கம் அங்கே நடந்தபோது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். விவசாயக் கூலிகள், கல் குவாரிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஒரு லட்சம் பேர் அளவுக்குக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். கேலி பேசியவர்களும் உண்டு. கேலி ஓய்ந்தது, சைக்கிள் ஓயவில்லை.

பிறகு அரசாங்கங்கள் விழித்துக்கொண்டன. தமிழ்நாட்டில் 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் தொடங்கியது. பின்னர் எல்லோருக்கும் விரிந்தது. பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குக் கொடுத்தார்கள். அதன் பலனைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் எண்ணிக்கை 32 சதவீதம் உயர்ந்ததாகவும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததாகவும் கண்டார்கள். பள்ளிக்கூடம் மூன்று கிலோ மீட்டருக்கு மேல் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம்.

கர்நாடகத்தில் 2006-07-ல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இத்திட்டம் வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது கிடைத்தது. வீட்டில் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்களும் வாங்கினார்கள். கொரோனா காலத்தில் அந்த வழங்கல் தடைப்பட்டது. 2023 ஜூன் முதல் பெண்களுக்குப் பஸ்ஸில் இலவசப் பயணம் இருக்கிறதே என்பார்கள். நல்ல திட்டந்தான். ஆனால் பள்ளிக்கூட நேரத்துக்கு எல்லாக் கிராமத்துக்கும் பஸ் வருவதில்லை. பஸ் இல்லாத ஊருக்கு இலவச டிக்கெட்டால் என்ன லாபம்?

பத்தாம் வகுப்புக்குப் பிறகு?

இங்கேதான் சிக்கல். சைக்கிள் கொடுத்தோம், ஓட்டக் கற்றுக்கொடுத்தோம். பத்தாவது முடிந்ததும் அந்த சைக்கிள் தம்பிக்குப் போகிறது, அல்லது மாடிப்படிக்கு அடியில் துருப்பிடிக்கிறது. அதற்கு அப்புறம் அந்தப் பெண்ணின் கால் பலத்துக்கு நாட்டில் வேலை இல்லை.

கர்நாடகத்தில் விஜயபுரா, பாகல்கோட்டை பக்கத்துப் பிள்ளைகள் இதற்கு விலக்கு. வறண்ட பூமியில் பிறந்த ஏழை விவசாயி வீட்டுப் பெண்கள் அரசு விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிற்சி பெற்று, தேசியப் போட்டிகளில் பதக்கம் வாங்குகிறார்கள். சிலருக்கு ரயில்வேயில் உத்தியோகமும் கிடைக்கிறது. கிளார்க் வேலைக்குப் பரீட்சை எழுதிக் காத்திருக்கும் வீடுகளில், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் ரயில்வே வேலை லேசான விஷயம் அல்ல.

ஆனால் பெண்கள் ஓட்டப் பந்தயம் எங்கே? மும்பை - புனே பந்தயம் 1945-ல் தொடங்கிய பழைய பந்தயம். பேர் வாங்கியதெல்லாம் ஆண்கள். நம் பக்கத்தில் 2008 முதல் நீலகிரி சைக்கிள் சுற்றுப் பயணம் நடந்து வருகிறது. பல நாள் பயணம், மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப் பாதையும் உண்டு. பெண்களும் அதில் சளைக்காமல் ஏறியிருக்கிறார்கள். ஆனால் சேர்வதற்கான கட்டணமும் சைக்கிளின் விலையும் ஏழைத் தொழிலாளிக்கு எட்டாது. நல்ல பந்தய சைக்கிள் என்றால் லட்சக்கணக்கில் போகிறது. சீனாவிலும் தாய்லாந்திலும் பெண்களுக்கான சர்வதேசப் பல கட்டப் பந்தயம் நடக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒன்று வேரூன்றவில்லை.

மைசூரிலிருந்து மேல்கோட்டைக்கு

மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம், பாண்டவபுரம், ஜக்கனஹள்ளி வழியாக மேல்கோட்டைக்குச் சுமார் 50 கிலோ மீட்டர். கரும்பும் நெல்லும் விளையும் காவிரிப் பாசன சமவெளியில் வேகமாக ஓட்டிவிட்டுக் கடைசியில் மலை ஏற வேண்டும். பந்தயக்காரர்கள் தேடும் பாதை இதுதான். இது மண்டியா மாவட்டத்து மலை. 1939 வரை மைசூர் மாவட்டத்தோடு இருந்த பூமி. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் வந்து தங்கிய தலம். தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர்.

தசரா சமயத்தில் மைசூரில் விளையாட்டுகள் நடக்கின்றன. அதோடு நான்கு நாள் பெண்கள் பந்தயம் ஒன்றைச் சேர்த்தால் என்ன? ஒரு நாள் நகர வீதிகளில், ஒரு நாள் மண்டியா சமவெளியில், ஒரு நாள் மேல்கோட்டை மலை, கடைசி நாள் சாமுண்டி மலை. சைக்கிளை மாநில அணிகளே கொடுக்க வேண்டும். ஆண்களுக்கு உள்ள அதே பரிசை வைக்க வேண்டும். தூர்தர்ஷனில் காட்ட வேண்டும்.

"ரோட்டில் பள்ளம் இருக்கிறது, குடிநீர் இல்லை, இதற்கு என்ன அவசரம்?" என்று ஒரு கட்சி பேசும். மறுப்பதற்கில்லை. ஆனால் பந்தயம் வருகிறது என்றால்தான் ரோட்டுப் பள்ளமே மூடப்படும் என்பது நம் ஊர் அனுபவம். அரை நாள் போக்குவரத்தை நிறுத்துவதும் பெரிய கஷ்டம் அல்ல. மந்திரிகள் கார் போவதற்கே நிறுத்துகிறோம். உண்மையான பயம் வேறு. லாரி ஓடும் நெடுஞ்சாலையில் வயதுக்கு வந்த பெண்ணைத் தனியாகப் பயிற்சிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தப்பல்ல. அதைப் போக்கும் பொறுப்பு சர்க்காருடையது. காலை ஐந்து முதல் ஏழு வரை ஒரு பாதையைப் பயிற்சிக்கு ஒதுக்கிப் போலீஸ் காவல் போட்டால் போதும். மாவட்டத்துக்கு ஒரு பாதை, பத்து நல்ல சைக்கிள், ஒரு கோச். செலவு அதிகம் இல்லை.

நம் வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. மகளின் சைக்கிளைப் பத்தாம் வகுப்போடு பிடுங்கித் தம்பியிடம் கொடுக்காதீர்கள். மலைப் பாதையில் அவள் வேகமாக ஏறுகிறாள் என்றால் பள்ளி விளையாட்டு ஆசிரியரிடம் அழைத்துப் போங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விடுதித் தேர்வு எப்போது என்று விசாரியுங்கள். இங்கே படிக்கும் பிள்ளை இந்த மாநில அணியில் இடம் கேட்பது சலுகை அல்ல, உரிமை. நாலு வீட்டில் கேட்டால்தான் அதிகாரி மனுவைப் பார்ப்பார். நாற்பது வீட்டில் கேட்டால் மேல்கோட்டை மலையில் பந்தயமும் நடக்கும்.