சேமிப்பு என்ற மூடநம்பிக்கை

'எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தாகிவிட்டது, இனி அழிவில்லை' என்று இலக்கியக் கூட்டங்களில் சொல்லிக்கொள்வது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. சொல்கிறவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. அது நிம்மதி அல்ல, சோம்பல் என்பது என் கட்சி.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்து நண்பர் ஒருவர் இறந்தபோது, அவருடைய பிரசுரமாகாத கவிதைகள் பதினோரு நோட்டுகளில் இருந்தன. 2013இல் நாங்கள் மூன்று பேர் கோலியனூரில் என் வீட்டில் உட்கார்ந்து அவற்றை ஸ்கேன் செய்தோம். ஒரு ஹார்ட் டிஸ்க், இரண்டு டி.வி.டி. நோட்டுகளில் கறையான் ஏறத் தொடங்கியிருந்தது. 'அதுதான் படமாக இருக்கிறதே' என்று பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டோம். போடலாம் என்று சொன்னவன் நான்தான்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டிய அந்த மழை எங்கள் தெருவுக்குள்ளும் புகுந்தது. பயந்துபோய்ப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். தண்ணீர் அதைத் தொடவில்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க் சுழலவில்லை. ஒரு டி.வி.டி. திறக்கவே இல்லை. மற்றதில் மூன்று நோட்டுகள் கிடைத்தன. மீதி எட்டை வெள்ளம் அழிக்கவில்லை. நாங்கள் எடுத்துப் பார்க்காத பதினோரு வருஷம் அழித்தது.

'அப்படியானால் எதில் வைப்பது?' என்று கேட்கிறார்கள். ஹார்ட் டிஸ்க் ஒரு யந்திரம். ஓடாமல் கிடந்தாலும் பழுதாகும். பென் டிரைவில் எழுத்து என்பது அடைபட்ட மின்னூட்டம். வருஷக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் வைத்தால் அது கசியும். நாம் எழுதும் டி.வி.டி.யில் இருப்பது சாயம், சாயம் வெளுக்கும். எம்-டிஸ்க் ஆயிரம் வருஷம் நிற்கும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். அதைப் படிக்கும் டிரைவோ புதுக் கம்ப்யூட்டர்களில் இப்போதே அபூர்வம். எல்.டி.ஓ. காந்த நாடாவுக்கு 30 வருஷ ஆயுள் சொல்கிறார்கள். டிரைவ் வாங்க நமக்கு லட்சங்கள் வேண்டும். மைக்ரோஃபிலிம் குளிரிலும் வறட்சியிலும் 500 வருஷம் தாங்கும், படிக்க வெளிச்சமும் லென்ஸும் போதும். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு 1994இல் சென்னையில் நூலகமானபோது மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். விவேகமான காரியம். ஆனால் அது ஒரு நிறுவனத்துக்குச் சாத்தியம், நமக்கல்ல.

பொருள் நிலைத்தால் போதுமா? மண்டகப்பட்டு எங்களுக்குத் தூரமில்லை. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் கோயில் செய்தேன் என்று ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் அங்கே பாறையில் வெட்டி வைத்தான். பாறை நிற்கிறது. ஆனால் பி.ஏ. படித்த நான் அதன் முன்னால் எழுத்தறியாதவன். கல்வெட்டு அறிஞர்கள் படித்துச் சொன்னதால்தான் அது பேசுகிறது. இங்கிலாந்தில் 1086இன் டூம்ஸ்டே புத்தகம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதன் நினைவாக பி.பி.சி. 1986இல் லேசர் தட்டில் பதித்த புது டூம்ஸ்டேயைப் பதினைந்து வருஷத்துக்குள் படிக்க யந்திரம் கிடைக்காமல் திண்டாடினார்கள்.

'அதனால்தான் காகிதமே மேல்' என்று கிளம்பும் பழமைவாதிகளுக்கும் ஒரு வார்த்தை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த சுமார் 97,000 நூல்களில் ஏடும் காகிதமும்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை அன்றோடு போயின.

சங்கப் பாட்டு முதலில் எழுதப்பட்ட ஏடு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. பாட்டு இருக்கிறது. ஏடு செல்லரிக்கும் என்று தெரிந்தவர்கள் தலைமுறைக்குத் தலைமுறை பெயர்த்து எழுதினார்கள். ஏட்டை அவர்கள் நம்பவில்லை என்பதே காரணம். நாம்தான் பொருளை நம்பத் தொடங்கிவிட்டோம்.

நான் வங்கிக் குமாஸ்தா. பெட்டகம் பூட்டியிருக்கிறது, ஆகவே பணம் இருக்கிறது என்று எந்தக் காசாளரும் கையெழுத்துப் போடுவதில்லை. தினமும் எண்ணுகிறோம், ரூபாய் குறைந்தால் வீட்டுக்குப் போவதில்லை. கவிதைக்கு மட்டும் இந்தக் கணக்கு ஏன் வேண்டாம்? மூன்று பிரதி, இரண்டு விதப் பொருளில். ஒன்று வேறு ஊரில். ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் எடுத்து எழுதி வைக்க வேண்டும். கணக்கு முடிக்கும் மார்ச்சில் வருஷா வருஷம் எல்லாவற்றையும் திறந்து, அந்த எண் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புது டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். மூலத்தை எடைக்குப் போடக் கூடாது. இதில் இலக்கியக் கொள்கை எதுவும் இல்லை, உழைப்புதான் இருக்கிறது. அதனால்தான் நம்மவர்களுக்கு இது பிடிப்பதில்லை.

யார் பெரிய கவி என்று பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறோம். செத்துப்போன எந்த நண்பனின் எழுத்துக்கு நான் பொறுப்பு என்று ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்லட்டும். நான் சொல்ல வேண்டிய பெயரில் மூன்று நோட்டுகள் மிச்சம். போன மார்ச்சில் திறந்து பார்த்தேன். எண்கள் ஒத்துவந்தன.