உண்மை சொன்னவனுக்குத் தண்டனையா?

பலேர்மோத் துறைமுகத்தில் போர்க்கப்பல் வந்து நிற்கும் நாட்களில் எம்மவரின் பிள்ளைகள் அதனை வியப்புடன் நோக்குகின்றனர். பெற்றோரோ முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். சீருடை எமக்கு நினைவூட்டுவது வேறு. ஆயினும், நாளை இந்நாட்டின் குடிகளாகி அச்சீருடையை அணிய விரும்புவோர் அப்பிள்ளைகளுள் இருக்கலாம். ஆகவே, படையில் எவருக்கு இடமுண்டு என்ற கேள்வி எமக்குப் புறம்பானதன்று.

கட்டாய இராணுவ சேவை நடைமுறையிலிருந்த 2000 ஆம் ஆண்டில், சிசிலி இளைஞர் ஒருவர் அகுஸ்தா இராணுவ மருத்துவமனையில் பரிசோதனையின்போது தாம் தன்பால் விருப்புடையவர் என்பதை மறைக்காது கூறினார். சேவையிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆனால், அவர் கூறியது போக்குவரத்துத் துறைக்கும் அறிவிக்கப்பட்டது. வாகனம் ஓட்டும் தகுதி அவருக்கு உண்டா என மீண்டும் சோதிக்கப் பணிக்கப்பட்டது! கத்தானியா நீதிமன்றம் 2008 இல் வழங்கிய 100,000 யூரோ இழப்பீடு, மேன்முறையீட்டில் 20,000 ஆகக் குறைக்கப்பட்டது. அநீதியின் கனதிக்கு அத்தொகை போதாது என 2015 சனவரியில் இத்தாலியின் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அகதி விசாரணை மேசையின் முன் அமர்ந்தவர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். ஓர் உத்தியோகத்தரை நம்பிச் சொன்ன உண்மை, இன்னோர் அலுவலகம் சென்று எமக்கெதிராகத் திரும்பிவிடுமோ என்ற அச்சத்துடன் நாம் கழித்த இரவுகள் எத்தனை!

இவர்களைச் சேர்த்தால் படையின் கட்டுப்பாடு குலையும் என்பர் சிலர். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 இல் தன்பாலுறவு குற்றமன்று என்ற பின்னரும், இராணுவத்தில் அதனை அனுமதியோம் என 2019 சனவரியில் தளபதி பிபின் ராவத் கூறினார். ஆனால், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் தீர்ப்பையடுத்து பிரித்தானியா 2000 இல் தடையை நீக்கியது. அமெரிக்கா 2011 இல் நீக்கியது. அவற்றின் படைகள் குலைந்துவிடவில்லை. கட்டுப்பாடு என்பது நடத்தையைப் பற்றியது. தவறு செய்பவர் எவராயினும் தண்டிக்கப்படட்டும், பிறப்பியல்பு தவறாகாது.

இலங்கையில் பிரித்தானியர் 1883 இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் பிரிவு, 1995 இல் பெண்களையும் உள்ளடக்குமாறு விரிவாக்கப்பட்டது. அந்நாட்டை விட்டு வந்த நாம் அச்சட்டத்தின் மனப்பான்மையையும் விட்டுவந்தோமா? இத்தாலியின் தன்பால் விருப்புடையோர் அமைப்பான ஆர்ச்சிகே, 1980 இல் நாம் வாழும் இதே பலேர்மோவில்தான் உருவானது.

எம் பிள்ளை முதலில் உண்மை பேசும் இடம் இராணுவ மருத்துவமனையன்று, எமது வீடு. அங்கே அப்பிள்ளைக்குத் தண்டனை காத்திருக்கலாகாது.