ஜஸ்ட் முப்பது நிமிஷம்!

திருச்சியில் மனை விற்பவர்களின் நோட்டீஸ்களில் ஒரு விசேஷம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? அவற்றில் கிலோமீட்டர் என்ற சமாசாரமே கிடையாது. எல்லாம் நிமிஷம்தான். ‘பஞ்சப்பூர் பஸ் நிலையத்திலிருந்து ஜஸ்ட் 30 நிமிடம்.’ ‘ஏர்போர்ட்டிலிருந்து ஜஸ்ட் 40 நிமிடம்.’ எதில் ஏறிப் போனால் என்று மட்டும் எந்தப் புண்ணியவானும் அச்சடிப்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, ரோட்டில் ஒரு லாரிகூட இல்லாமல், ஆம்புலன்ஸில் போனால் ஒருவேளை சரியாக இருக்கும்.

எங்கள் வையம்பட்டி ரொம்ப நாள் வரைக்கும் இந்த நிமிஷக் கணக்கில் சேராமல் தப்பித்து வந்தது. திண்டுக்கல் ரோட்டில் மணப்பாறையையும் தாண்டி இருக்கிற ஊர். மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் சீமைக் கருவேலம். பொண்ணு கொடுப்பதற்கே யோசிப்பார்கள். இப்போது வந்து பாருங்கள். ரோட்டோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல், கலர் கலராகக் கொடி, உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு ஆர்ச். ஆடு மேய்க்கிற அம்மாவிடம் "வெள்ளாடு எங்கேம்மா?" என்று கேட்டேன். "ஃபேஸ் டூவுல மேயுது தம்பி" என்கிறார்.

காரணம் இல்லாமல் இல்லை. நாவலூர் குட்டப்பட்டில் சட்டப் பல்கலைக்கழகம் வந்தது. மொண்டிப்பட்டியில் டி.என்.பி.எல். அட்டை ஆலை, மணப்பாறையில் சிப்காட். 2024 ஜனவரியில் விமான நிலையத்தின் புது முனையத்தைத் திறந்தார்கள். 2025 மே மாதம் பஞ்சப்பூர் பஸ் நிலையம் திறப்பு விழா, ஜூலையில் பஸ்களும் வந்து சேர்ந்தன. எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் நம் ஊரில் கட்டடம் எழும்புவதற்கு முன்னால் ரேட் எழும்பி உட்கார்ந்துகொள்கிறது. அறிவிப்பு வந்தால் ஒரு ஏற்றம். அடிக்கல் நாட்டினால் ஒரு ஏற்றம். வேலை இழுத்துக்கொண்டே போனால் "இப்பவே வாங்கிப் போடுங்க சார், தொறந்துட்டா தொட முடியாது" என்று அதற்கும் ஒரு ஏற்றம்.

இதில் நிஜமான விவசாயிக்கு எவ்வளவு போகிறது என்று நினைக்கிறீர்கள்? ஒருவர் ஏக்கருக்கு ஒரு விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, ஆறு மாதத்துக்கு அக்ரிமென்ட் போடுகிறார். அந்த ஆறு மாதத்துக்குள் அதே நிலத்தை இன்னொரு பார்ட்டிக்கு அதிக விலைக்குக் கை மாற்றுகிறார். அவர் மூன்றாமவருக்கு. கடைசியில் கிரயம் ஆகும்போது ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட வருகிற விவசாயிக்கு, வாங்குகிறவர் முகமே புதுசு. நிலம் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை, ஒரு செங்கல் வைக்கவில்லை, ரேட் மட்டும் மூன்று வீடு மாறிவிட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் டீக்கடை பெஞ்சில் இருந்து ஒரு புரோக்கர் எழுந்து வந்து ‘ரெண்டு பர்சென்ட்’ என்கிறார்.

ஸ்ரீரங்கம் கதை வேறு. அது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரு தீவு. புதிதாக நிலம் தயாரிக்க முடியாது. அமெரிக்காவில் இருக்கிற பிள்ளை, அப்பா அம்மா கோபுரம் பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்று லிஃப்ட் வைத்த ஃபிளாட்டாகத் தேடுகிறார். டாலரில் நினைப்பவருக்கு விலை உறைக்காது. அதே தெருவில் வாடகைக்கு இருக்கிற நமக்கு உறைக்கும். இன்னொரு கொடுமையும் அங்கே உண்டு. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற பலருக்கு, இடம் கோயிலுடையதா இல்லையா என்ற தகராறில் பத்திரப்பதிவே நின்றுபோனது. வெளியே நிலவரம் கோடியில் பேசுகிறது. உள்ளே தாத்தா கட்டிய வீட்டை விற்று ஆஸ்பத்திரி பில் கட்ட முடியவில்லை. ரேட் ஏறினால் எல்லோருக்கும் லாபம் என்று யார் சொன்னது?

பொன்மலை ஒர்க்ஷாப்பில் இருந்து ரிட்டயரான ஒருவர், என் நண்பனின் அப்பா. தொண்ணூறுகளில் மாதத் தவணையில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று பத்திரத்தோடு ஒரு கடுதாசியும் கொடுத்திருந்தார்கள். பெண் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று பார்ட்டி பிடித்து, பாக்கு வெற்றிலை மாற்றாத குறைதான். 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. லே-அவுட்டுக்கு அனுமதி தர பஞ்சாயத்துத் தலைவருக்கு அதிகாரமே கிடையாது, நகர் ஊரமைப்புத் துறைதான் தர வேண்டும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உத்தரவு சரிதான். வயல்களை எல்லாம் கல் நட்டு விற்றுக்கொண்டிருந்தவர்களை வேறு எப்படி நிறுத்துவது? ஆனால் விற்றவர்கள் பணத்தோடு போய்விட்டார்கள். தவணை கட்டியவர் மாட்டிக்கொண்டார். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்து, கட்டணம் கட்டி, மனையைச் சரிசெய்து விற்பதற்குள் கல்யாணம் வட்டிக் கடனில் முடிந்துவிட்டது.

சரி, இப்போது நம் ஆபீஸ் ஆசாமி விஷயத்துக்கு வருகிறேன்.

பி.காம். படித்தவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஃபைலோடுதான் வருவார்கள். போன மாதம் அப்படி ஒரு தம்பி வந்தான். கன்டோன்மென்ட்டில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. மணப்பாறை ரோட்டில் 1,200 சதுர அடி மனை பார்த்திருக்கிறான்.

"அண்ணே, ரேட்டெல்லாம் ஓகே. ஆனா பத்திரத்துல கைடுலைன் வேல்யூதான் போடுவாங்களாம். மிச்சம் கேஷா தரணுமாம். ஸ்டாம்ப் செலவு நமக்குத்தான் மிச்சம்ங்கிறாங்க."

"யாருக்கு மிச்சம்?"

"எனக்குத்தாண்ணே."

உட்கார வைத்துப் பேப்பர் எடுத்தேன். பேச்சுக்கு, நிஜ விலை சதுர அடி 1,000 ரூபாய், அரசு வழிகாட்டி மதிப்பு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிஜ விலை 12 லட்சம். பத்திரத்தில் 4 லட்சத்து 80 ஆயிரம். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முழுத்தொகைக்குப் பதிந்தால் 1,08,000 ரூபாய். குறைத்துப் பதிந்தால் 43,200. மிச்சம் 64,800 ரூபாய். தம்பி முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு.

"லோன் போடுறியா?"

"லோன் இல்லாம எப்படிண்ணே?"

பேங்க்காரருக்குப் பத்திரத்தில் என்ன தொகையோ அதுதான் விலை. முக்கால் பங்கு கடன் கொடுத்தால்கூட 3 லட்சத்து 60 ஆயிரம்தான். முழுத்தொகை பத்திரத்தில் இருந்தால் 9 லட்சம் கிடைத்திருக்கும். அதாவது மாதச் சம்பளக்காரன் கையிலிருந்து 8 லட்சத்து 40 ஆயிரம் ரொக்கம் புரட்ட வேண்டும். அம்மா நகை, மீட்டர் வட்டி, மாமனார் (இன்னும் கல்யாணமே ஆகவில்லை!).

இன்னும் கேளுங்கள். நாலைந்து வருஷம் கழித்து 20 லட்சத்துக்கு விற்கிறான், வாங்குகிறவர் முழுக்க செக்கில் கொடுக்கிறார் என்று வைப்போம். நிஜ லாபம் 8 லட்சம். ஆனால் காகிதத்தில் வாங்கிய விலை 4.80 அல்லவா? அதனால் லாபம் 15 லட்சத்து 20 ஆயிரம் ஆகிவிடும். நீண்டகால மூலதன ஆதாய வரி இப்போது 12.5 சதவீதம். பதிவுச் செலவையும் செஸ்ஸையும் விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு லட்சம் கட்ட வேண்டியவன் 1 லட்சத்து 90 ஆயிரம் கட்டுவான். அன்றைக்கு விற்ற மகராசன் மறைத்த லாபத்துக்கு இவன் வரி கட்டுகிறான். 64,800-ஐ மிச்சம் பிடித்து 90,000 தண்டம்.

கேஷ் விஷயத்தில் இன்னொன்று. நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூன் முதல் சட்டம். மாட்டினால் வாங்கின தொகைக்குச் சமமாக அபராதம், அதுவும் வாங்கினவருக்குத்தான். இதைச் சொன்னால் புரோக்கர் சிரிக்கிறார். "சார், ஊர்ல யாரு சார் அதெல்லாம் பாக்குறா?"

சர்க்காரும் இந்த இரட்டை விலையோடு மல்லுக்கட்டிப் பார்த்தது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதம் ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே திரும்பி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். மதிப்பைக் குறைத்தால் கறுப்புக்கு இடம் கூடுகிறது. ஏற்றினால் பத்திரச் செலவு தலைக்கு மேல் போகிறது. எதைச் செய்தாலும் ரொக்கம் உள்ளவன் நோட்டுக் கட்டோடு முன்னால் போய்விடுகிறான். பே ஸ்லிப்பும் ஃபாரம் பதினாறும் வைத்திருக்கிற யோக்கியன் வரிசையில் பின்னால் நிற்கிறான்.

தம்பி பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக மனைக்காரரிடம் போயிருக்கிறான். "ஐயா, பத்திரத்துல முழுத்தொகையும் போடுங்க. ஸ்டாம்ப் செலவு நான் பாத்துக்கிறேன். நீங்க வரி கட்டுறதுக்காக விலையில ஐம்பதாயிரம் சேத்துத் தர்றேன். எல்லாம் டி.டி.யாவே தர்றேன்."

மனைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நல்ல பையனா இருக்கே. எந்த ஊருப்பா?" என்று கேட்டாராம்.

"வையம்பட்டிங்க."

"பையன்கிட்ட கலந்துக்கிட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறார். சொல்லி இன்றோடு பதினாறு நாள். நேற்று அதே மனையைக் காரில் வந்த யாரோ இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். பி.காம். அண்ணன் என்ன சொல்கிறார் என்று கேட்கத் தம்பி இன்றைக்குச் சாயங்காலம் வருகிறான்.