அக்காவின் கைபேசிக்கு எத்தனை ஜிபி?

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. மயிலம் முருகன், தீவனூர் விநாயகர் எனத் தொலைவிலிருந்தும் அண்டை ஊர்களிலிருந்தும் உற்சவ மூர்த்திகள் எழுந்தருளி, மணற்பரப்பில் வரிசையாக நின்று தீர்த்தவாரி கண்டருளும் அந்த நாளுக்காகப் புதுச்சேரி ஆண்டு முழுவதும் காத்திருக்கும். முன்பெல்லாம் அங்கே கூப்பிய கைகள் மட்டுமே தெரியும். இப்போது உயர்த்திப் பிடித்த கைபேசிகளும் அவற்றுக்கு ஈடாகத் தெரிகின்றன. அவற்றுள் ஒன்று என் அக்காவுடையது. அவருக்கு வயது எழுபத்து நான்கு. பிரதோஷம், சங்கடஹர சதுர்த்தி, தேர், தெப்பம் என எதையும் தவற விடமாட்டார். எதையும் படம் எடுக்காமலும் விடமாட்டார்.

சென்ற ஆண்டு வைகாசியில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேரோட்டத்துக்குப் போயிருந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆளுநர் வடம் பிடித்த தேர் அது. இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் தொட்டுத்தான் தேர் நகர்கிறது. தேர் நிலையை விட்டுக் கிளம்பும் தறுவாயில் அக்காவின் கைபேசி, சேமிக்க இடமில்லை என்று அறிவித்துவிட்டது. அருகில் நின்ற ஓர் இளைஞர் உதவ முன்வந்தார். "பாட்டி, இந்தப் பழைய படமெல்லாம் கூகுளில் பத்திரமாக இருக்கிறது, போனில் அழித்தால் ஒன்றும் ஆகாது" என்று சொல்லி, இரண்டு மூன்று ஆண்டுப் படங்களை மொத்தமாகத் தேர்ந்து அழித்துக் கொடுத்தார். தேர் நகர்ந்தது. அக்கா ஆனந்தமாகப் படம் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

ஆவணியில் அத்தானின் திதி வந்தது. மணக்குள விநாயகர் கோயில் வாசலில் யானை லட்சுமியின் துதிக்கையில் அத்தான் பழம் கொடுக்கும் படம் ஒன்று உண்டு. அதைப் பெரிதாக்கிச் சட்டமிட வேண்டும் என்று தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. படம் கைபேசியிலும் இல்லை, கூகுளிலும் இல்லை. லட்சுமியும் இல்லை, அத்தானும் இல்லை. 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியின்போது லட்சுமி சரிந்து விழுந்து உயிர் நீத்ததும், ஊரே திரண்டு வந்து அழுததும் நம் வாசகர்கள் அறிந்ததுதான். அதற்கு மறு ஆண்டு அத்தான் போனார். இனி எடுக்க முடியாத படம் அது.

அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. நல்லெண்ணத்தில் செய்தார். ஆனால் அவர் அறியாத நுணுக்கம் ஒன்று உண்டு. கூகுள் போட்டோஸ் செயலிக்குள் இருந்தபடி, காப்பு எடுக்கப்பட்ட ஒரு படத்தைக் குப்பைத் தொட்டிக் குறியைத் தொட்டு அழித்தால், அது கைபேசியிலிருந்து மட்டுமன்றி இணையச் சேமிப்பிலிருந்தும் சேர்ந்தே நீங்கும். நீங்கிய படம் அறுபது நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். காப்பு எடுக்காத படமென்றால் முப்பது நாள்தான். அதற்குள் கவனித்தால் மீட்டுவிடலாம். வைகாசிக்கும் ஆவணி திதிக்கும் நடுவே அந்த அறுபது நாளும் கடந்துவிட்டன. கைபேசியில் மட்டும் இடம் உண்டாக்க அதே செயலியில் 'இடத்தைக் காலி செய்' என்ற தனி வசதி இருக்கிறது. காப்பு எடுக்கப்பட்ட படங்களின் கைபேசிப் பிரதியை மட்டுமே அது நீக்கும். இரண்டும் ஒரே திரையில் இருந்தாலும் பலன் வேறு. பாஸ்புத்தகத்தைக் கிழிப்பதற்கும் கணக்கையே முடிப்பதற்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகுதான் அக்காவுக்குப் புதுக் கைபேசி வாங்குவது என்று முடிவாயிற்று. கடையில், "பெரியவங்களுக்கு 64 ஜிபி தாராளம் சார்" என்றார் விற்பனையாளர். பெரியவர்களுக்குக் குறைவாகப் போதும் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இளைஞர்கள் எடுப்பதையும் அழிப்பதையும் ஒரே விரைவில் செய்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் எடுக்க மட்டும் கற்றுக்கொண்டோம். அழிக்கக் கற்கவில்லை, மனமும் வருவதில்லை. எனவே இடம் அதிகம் வேண்டியவர்கள் நாம்தான்.

பெட்டியின் மேல் '8 + 128' என்று இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் ரேம். வங்கிக் கவுன்ட்டரில் அப்போதைக்கு வேலை நடக்கும் மேசை போன்றது அது. வேலை முடிந்தால் துடைத்துவிடுவார்கள். இரண்டாவது எண்தான் காப்பறை. படங்கள் தங்குவது அங்கே. முதல் எண்ணைக் காட்டி விலை ஏற்றுபவர்களும் உண்டு, கவனம். காப்பறையிலும் முழு இடம் நமக்கில்லை. இயங்குதளமும் உடன் வரும் செயலிகளும் முதலிலேயே சுமார் 20 முதல் 30 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். 64 என்று வாங்கினால் கையில் கிடைப்பது ஏறத்தாழ 40 தான்.

அக்காவின் பழக்கத்தை ஒரு காகிதத்தில் கணக்கிட்டேன். கைபேசிப் படம் ஒன்று பொதுவாக மூன்று முதல் ஐந்து எம்பி வரும் (எம்பி என்றதும் டெல்லிக்குப் போனவர் நினைவுக்கு வந்தால் அது என் பிழையன்று, ஆயிரம் எம்பி சேர்ந்தால் ஒரு ஜிபி). நாளொன்றுக்குப் பத்துப் படம், படத்துக்கு நான்கு எம்பி என்றால் ஆண்டுக்கு 3,650 படங்கள், சுமார் 15 ஜிபி. இது பெரிய சுமையில்லை. சுமை வீடியோவில் இருக்கிறது. சாதாரணத் தரத்தில் எடுக்கும் ஒரு நிமிட வீடியோ ஏறத்தாழ 130 எம்பி பிடிக்கும். முப்பது படங்களுக்கு மேல் வைக்கும் இடம் அது. 4கே என்ற உயர்தரத்தில் எடுத்தால் இரண்டு மூன்று மடங்காகும்.

நம்மைப் போன்றவர்களின் கைபேசியில் வீடியோ மிகுவதற்குக் காரணம் உண்டு. கருவறையை நாம் படம் எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. தமிழகக் கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டதும் நினைவிருக்கும். ஆகவே படம் எடுப்பது வீதியில்தான். வீதியில் சுவாமி நிற்பதில்லை, வந்துகொண்டே இருக்கிறார். நாயன ஓசையும் கூடவே வருகிறது. அசைவதையும் ஒலிப்பதையும் பதிய வீடியோதான் வழி. அக்காவுக்குப் பிரதோஷங்களும் உற்சவங்களுமாக ஆண்டில் நாற்பது நாட்கள், நாளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 200 நிமிடம், 26 ஜிபி. இவற்றோடு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது ஏறக்குறைய 9 ஜிபி. ஆக ஆண்டுக்கு 50 ஜிபி. 128 ஜிபி கைபேசி இரண்டு ஆண்டில் நிரம்பும். 256 ஜிபி நான்கு ஆண்டுக்கு மேல் தாங்கும். கைபேசியின் ஆயுளும் ஏறத்தாழ அவ்வளவுதான். படம் மட்டுமே எடுப்பவர், வீடியோ பக்கமே போகாதவர் 128 வாங்கலாம். அதற்குக் கீழே போகாதீர்கள்.

வாட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. அக்காவின் பழைய கைபேசியை நிரப்பியது விநாயகரும் முருகனும் அல்லர். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் பூக்களே. அமைப்புகளில் சேமிப்பும் தரவும் என்ற பகுதிக்குப் போய், படங்களும் வீடியோக்களும் தாமாகவே இறங்கும் வசதியை நிறுத்திவிட்டாலே பாதிப் பாரம் குறையும். வேண்டியதை மட்டும் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். அன்று தேரடியில் அழித்திருக்க வேண்டியது இவற்றைத்தான்.

இவ்வளவு படங்களை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று வீட்டில் இளையவர்கள் கேட்பார்கள். நம் ஊரிலேயே அதற்கு விடை இருக்கிறது. கடற்கரைக்கு அருகே செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு முதல் அதன் புகைப்படக் கலைஞர்கள் தென்னாட்டுக் கோயில்களுக்குக் கோயில் கோயிலாகச் சென்று, கோபுரம், தூண், கல் திருமேனி, செப்புத் திருமேனி என்று ஒன்று விடாமல் படம் எடுத்து, எந்த ஊர், எந்தக் கோயில், எந்த ஆண்டு என்று குறித்து வைத்தார்கள். இன்று அந்தத் தொகுப்பில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. எடுத்த நாளில் அவை எதற்குப் பயன்படும் என்று யாரும் அறிந்திருக்கமாட்டார்கள்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலின் நடராஜர் களவு போனார். ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-ல் ஒரு நடராஜரை 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. அவர்தாம் இவர் என்று எப்படி நிறுவுவது? 1994-ல் அந்தக் கோயிலில் பிரெஞ்சு நிறுவனத்தார் எடுத்து வைத்திருந்த படம் சாட்சி சொன்னது. 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமர் டெல்லி வந்தபோது நடராஜரை நம் பிரதமரிடம் ஒப்படைத்தார். விருத்தாசலத்திலிருந்து போன அர்த்தநாரீஸ்வரரும் சிட்னியிலிருந்து கூடவே திரும்பினார். இதை அக்காவிடம் சொன்னபோது, "அப்போ நான் எடுக்கிறதும் சாமி காரியம்தான்" என்றார். மறுப்பதற்கு எனக்குத் துணிவில்லை.

அந்த நிறுவனத்தாரிடம் நான் கற்றுக்கொண்டது பெரிய பெட்டி வாங்கு என்பதன்று. படத்தோடு ஊரும் நாளும் இருக்க வேண்டும் என்பது ஒன்று. கைபேசி நாளைத் தானே பதிந்துகொள்ளும். ஆண்டுக்கு ஓர் ஆல்பம் உண்டாக்கிக் கோயில் பெயரிடுவது நம் வேலை. இன்னொன்று, மூலம் ஓரிடத்திலும் பிரதி வேறிடத்திலும் இருக்க வேண்டும் என்பது. அவர்களிடமுள்ள சைவ ஆகமச் சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. செல்லும் பூச்சியும் அரிப்பதற்குள் ஓலையிலிருந்து ஓலைக்குத் தலைமுறைதோறும் யாரோ படியெடுத்துக்கொண்டே வந்ததால்தான் அந்த நூல்கள் நம் காலம் வரை வந்தன. 256 ஜிபி கைபேசியும் ஓர் ஓலைச்சுவடிதான். கடற்கரையில் கைதவறி விழுந்தால் அத்தனையும் போகும்.

பிரதிக்கு இரண்டு வழி. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அதில் படம், மின்னஞ்சல், கோப்பு எல்லாம் கூட்டுக்கணக்கு. வாட்ஸ்அப் காப்புப் பிரதியும் இப்போது அதில்தான் கழிகிறது. வரம்பின்றிப் படம் சேமிக்கும் சலுகை 2021 ஜூன் முதல் தேதியோடு முடிந்துவிட்டது. அது இன்னமும் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அக்காவின் படங்களுக்கு 15 ஜிபி நான்கு மாதம் காணும். மேலும் வேண்டுமென்றால் சந்தா கட்டலாம். கட்டினால் விடாமல் கட்ட வேண்டும். இரண்டு ஆண்டு தொடாத கணக்கை அழித்துவிடும் உரிமை கூகுளுக்கு உண்டு என்பதால், நமக்குப் பின் படங்கள் யாரைச் சேர வேண்டும் என்று அக்கணக்கின் அமைப்புகளிலேயே பெயர் குறித்து வைக்கலாம். சேமநல நிதிக்கு நாமினி போடுகிறோம், இதற்கு ஏன் போடக்கூடாது?

எனக்குப் பிடித்தது மற்ற வழி. ஒரு முனை கைபேசியிலும் மறுமுனை கணினியிலும் பொருந்தும் பென்டிரைவ் கடைகளில் கிடைக்கிறது. பொங்கல் கழிந்த மறுவாரம், ஆண்டுப் படங்களை அதில் ஏற்றி, கணினியிலும் ஒரு படி வைத்துவிட்டால் கவலையில்லை. கைபேசிக்குள் செருகும் மெமரி கார்டைப் பலர் பரிந்துரைப்பார்கள். அந்தத் துளையே பல புதிய கைபேசிகளில் இல்லை. இருந்தாலும் மலிவு கார்டுகளில் போலிகள் அதிகம். மேலே 256 என்றிருக்கும், உள்ளே அதில் கால் பங்கும் இராது. பெரிய கொள்ளளவையே கைபேசியோடு வாங்கிவிடுவது நிம்மதி.

128-க்கும் 256-க்கும் விலையில் சில ஆயிரம் ரூபாய் கூடுதல் என்றதும் அக்கா தயங்கினார். அந்தப் பணத்தில் ஓர் அபிஷேகம் செய்யலாமே என்றார். அழிந்த அந்தப் படத்தை நான் நினைவூட்டவில்லை. அவரே நினைத்துக்கொண்டார் போலும், பிறகு மறுக்கவில்லை.

அந்தப் படம் முழுவதும் போய்விடவும் இல்லை. குடும்பக் குழுவில் அத்தான் அதை அனுப்பியிருந்ததாக யாருக்கோ நினைவு வந்தது. அண்ணன் மகளின் பழைய கைபேசியில் தேடி எடுத்தோம். வாட்ஸ்அப் சுருக்கிய சிறு பிரதி. சட்டத்துக்குப் பெரிதாக்கினால் அத்தானின் முகம் மங்குகிறது, லட்சுமியின் நெற்றிப்பட்டம் மட்டும் தெளிவாக இருக்கிறது. அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுப் பூஜை அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறோம்.

இந்தத் தையில் பென்டிரைவும் கையுமாக அக்காவின் எதிரே உட்கார்ந்தேன். மூவாயிரத்துக்கு மேல் படங்கள். அவற்றுள் நாற்பது ஐம்பதில் பாதித் திரையை அவருடைய கட்டைவிரலே மறைத்திருந்தது. "இவற்றையாவது அழித்துவிடலாமா அக்கா?" என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வேண்டாம் தம்பி. விரலுக்குப் பின்னால் கோபுரம் தெரிகிறது பார்" என்றார்.