பூனைக்குக் காப்புறுதியா, நலத்திட்டமா?

பாகான் டத்தோவில் உள்ள என் அத்தை வீட்டில் ஒரு பெர்சியன் பூனை இருக்கிறது. அதன் பெயர் பட்டு. பஞ்சு போன்ற வெண்ணிற உரோமமும் தட்டையான முகமும் கொண்ட பட்டு, ஆறு ஆண்டுகளுக்கு முன் ஈப்போவிலிருந்து குட்டியாக வந்தது. விலை 1,200 ரிங்கிட். தேங்காய் வாங்கி விற்றுப் பிழைக்கும் குடும்பத்திற்கு அது சிறிய தொகை அன்று. மாமா ஒரு வாரம் அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த மாதமே பட்டுவை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தவரும் அவர்தான்.

கடந்த ஆண்டு பட்டு சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீரை மட்டும் மடக்கு மடக்கென்று குடித்தது. உடல் இளைத்தது. அத்தை அதைத் தெலுக் இந்தானுக்குக் கொண்டு சென்றார். மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் தெரிந்தன. சிகிச்சைச் செலவைக் கேட்டதும் அத்தை பதறவில்லை. கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். “இதற்குத்தான் டாக்டர், மாதாமாதம் பணம் கட்டி வருகிறேன்,” என்றார்.

மருத்துவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “அம்மா, இது காப்புறுதி இல்லை. தடுப்பூசிக்கும் பரிசோதனைக்கும் நீங்கள் முன்கூட்டியே கட்டிய பணம். நோய்க்கு இது உதவாது,” என்றார்.

யாரும் அத்தையை ஏமாற்றவில்லை. ஈப்போவில் ஒரு கால்நடை மருந்தகம் விற்ற நலத்திட்டம் அது. என்னென்ன கிடைக்கும் என்று தாளில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ‘மாதம் கட்டுகிறோம், பூனைக்கு ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்வார்கள்’ என்று அத்தை தாமாகவே எண்ணிக்கொண்டார். இப்படி எண்ணுவோர் நம்மில் பலர். காப்புறுதியும் நலத்திட்டமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கின்றன. இரண்டிலும் மாதக் கட்டணம் உண்டு. இரண்டுக்கும் அட்டை உண்டு. ஆனால், அவை செய்யும் வேலை வெவ்வேறு.

காப்புறுதி என்பது வருமா வராதா என்று தெரியாத இழப்புக்கானது. என் பாட்டி தோட்டத்தில் இருந்த காலத்தில் லயத்துக் குடும்பங்கள் மாதம் ஒரு சிறு தொகையைப் போட்டு மரண உதவி நிதி நடத்தின. எந்த வீட்டில் துக்கம் நேர்கிறதோ அந்த வீட்டிற்குப் பணம் போகும். மற்றவர்கள், தாம் கொடுத்தது திரும்பி வரவில்லை என்று வருந்த மாட்டார்கள். வராமல் இருப்பதே நல்லது என்று நினைப்பார்கள். காப்புறுதியின் உயிர்நாடி இதுதான். நலத்திட்டமோ வந்தே தீரும் செலவுக்கானது. ஆண்டுதோறும் தடுப்பூசி போட வேண்டும், குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும், பல்லைப் பார்க்க வேண்டும் என்பது முன்பே தெரியும். அந்தச் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதந்தோறும் வாங்கிக்கொள்கிறார்கள். இங்கே பலர் சேர்ந்து ஒருவரின் சுமையைத் தாங்குவது இல்லை. நம் பணம் நமக்கே ஊசியாகவும் மருந்தாகவும் திரும்பி வருகிறது.

விலங்குகளுக்குக் காப்புறுதி எடுப்பது புதுமையும் அன்று. சுவீடனில் 1924ஆம் ஆண்டிலேயே ஒரு நாய்க்குக் காப்புறுதி எழுதப்பட்டது. அமெரிக்காவில் 1982இல் தொலைக்காட்சித் தொடரால் புகழ்பெற்ற லாசி என்ற நாய்க்கு முதல் காப்புறுதி வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் கறவை மாட்டுக்குக் காப்புறுதி எடுக்கும் விவசாயிகள் உண்டு. மாட்டின் காதில் எண் பொறித்த வில்லை ஒன்றை மாட்டுவார்கள். மாடு இறந்தால் அந்த வில்லையைக் காட்ட வேண்டும். வில்லை இல்லையேல் இழப்பீடும் இல்லை. அங்கே மாடு குடும்பத்தின் வருமானம். இங்கே பட்டு ஒரு காசும் சம்பாதித்துத் தரவில்லை. (எலி பிடித்ததாகவும் கேள்விப்பட்டதில்லை.) ஆயினும், நோய் வந்தால் செலவு வருவது இரண்டுக்கும் ஒன்றுதான்.

கலப்பினப் பூனைகளைவிட உயர் ரகப் பூனைகளுக்கு இந்தக் கேள்வி ஏன் முக்கியமாகிறது? ஓர் இனத்தின் தோற்றத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றும்போது அதனோடு சில நோய்களும் சேர்ந்து வருகின்றன. பெர்சியன் பூனைகளிடம் சிறுநீரக நீர்க்கட்டி நோய் பரம்பரையாக வருகிறது. தாய், தந்தை இரண்டில் ஒன்றிடம் அக்குறை இருந்தாலே குட்டிக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. கட்டிகள் குட்டிப் பருவத்திலேயே தொடங்கி மெல்ல மெல்லப் பெருகும். நோயின் அறிகுறியோ பல ஆண்டுகள் கழித்தே தெரியும். மேய்ன் கூன் பூனைகளுக்கு இதயத் தசை தடிக்கும் நோய் உண்டு. மடிந்த காதுக்காக விரும்பப்படும் ஸ்காட்டிஷ் ஃபோல்ட் பூனையின் நிலை இன்னும் பரிதாபமானது. 1961ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் பண்ணை ஒன்றில் காணப்பட்ட ஒரு பூனையிலிருந்து வந்த இனம் அது. காதை மடிக்கும் அதே மரபணுதான் உடலெங்கும் உள்ள குருத்தெலும்பைப் பாதித்து மூட்டுகளில் வலியை உண்டாக்குகிறது. நெதர்லாந்தில் இவ்வினத்தைப் பெருக்கத் தடை இருக்கிறது. அந்தப் பூனையை வாங்கிவிட்டு எந்தத் திட்டத்தில் சேர்ப்பது என்று யோசிப்பதைவிட, வாங்காமல் இருப்பதே மேல் என்பேன்.

இனி, காப்புறுதியின் பக்கம் பார்ப்போம். நம் நாட்டிலும் பூனை, நாய்களுக்கான காப்புறுதியை இப்போது வாங்க முடிகிறது. ஒரு கணக்கைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மாதக் கட்டணம் 35 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 420 ரிங்கிட். சிகிச்சைச் செலவு 3,000 ரிங்கிட் ஆகிறது; அதில் 20 விழுக்காட்டை உரிமையாளர் ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படியானால் நாம் 600 ரிங்கிட் செலுத்துவோம். மீதம் 2,400 ரிங்கிட் காப்புறுதியிலிருந்து வரும். பெரும்பாலும் முழுத்தொகையையும் முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகுதான் திரும்பப் பெற வேண்டியிருக்கும். ஆகவே, காப்புறுதி இருந்தாலும் கையில் கொஞ்சம் பணம் இருக்க வேண்டும். இதை விளம்பரங்கள் பெரிய எழுத்தில் சொல்வதில்லை.

சிறிய எழுத்தில் வேறு சிலவும் இருக்கும். திட்டத்தில் சேர்ந்தவுடன் பாதுகாப்புத் தொடங்காது. காத்திருப்புக் காலம் ஒன்று உண்டு. சேர்வதற்கு முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடைக்காது. ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இருக்கும். வயது முதிர்ந்த பூனையைப் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். உயர் ரகப் பூனை வைத்திருப்போர் தேடிப் பார்க்க வேண்டிய வரி இன்னொன்று: பரம்பரை நோய்களை ஏற்பார்களா, மாட்டார்களா? பெர்சியன் பூனைக்கு எடுத்த காப்புறுதி சிறுநீரக நீர்க்கட்டியை ஏற்காது என்றால், அது ஓட்டைக் குடையைக் காசு கொடுத்து வாங்கிய கதைதான். அத்தை, நோய் தெரிந்த பிறகு காப்புறுதி எடுக்க முயன்றார். மற்ற நோய்களுக்கு வேண்டுமானால் தரலாம், சிறுநீரகத்திற்கு இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. வீடு எரியும்போது தீக்காப்புறுதி விற்பார் யார்?

அதற்காக நலத்திட்டம் வீண் என்பது என் கருத்தன்று. பாகான் டத்தோ கடலோரப் பகுதி. வெப்பமும் ஈரமும் மிகுந்த இந்தக் காற்றில் நீண்ட உரோமம் கொண்ட பெர்சியன் பூனைக்குத் தோலில் படை வரக்கூடும். அது வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் தொற்றும். உரோமத்தைச் சீவிச் சிக்கெடுப்பதும் அளவாக வெட்டிவிடுவதும் அலங்காரம் அல்ல, பராமரிப்பு. தட்டையான முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருப்பதால் கண்களையும் துடைக்க வேண்டும். தடுப்பூசி, புழு நீக்கம், பல் பரிசோதனை ஆகியவற்றை மறக்காமல் செய்ய ஒரு திட்டம் நினைவூட்டுமானால் நல்லதுதான். அப்போதும் கூட்டிப் பார்க்க வேண்டும். திட்டத்திற்கு மாதம் 60 வீதம் ஆண்டுக்கு 720 ரிங்கிட் கட்டுகிறோம். அதே சேவைகளைத் தனித்தனியே பெற்றால் 540 ரிங்கிட்தான் ஆகும் என்றால், 180 ரிங்கிட் நினைவூட்டலுக்குக் கொடுத்த விலை. நாள்காட்டி ஒன்று அதைவிட மலிவு!

பாகான் டத்தோவில் இருப்போருக்குத் தூரமும் ஒரு செலவு. 2017இல் தனி மாவட்டமான இவ்வூரிலிருந்து ஈப்போ போய் வரப் பாதி நாள் ஓடிவிடும். அத்தையின் திட்டம் ஈப்போவிலுள்ள அந்த ஒரு மருந்தகத்தில் மட்டுமே செல்லும். முதல் இரண்டு ஆண்டுகள் முறையாகப் போனார். பிறகு தேங்காய் வரத்து அதிகமான மாதங்களில் வண்டி கிடைக்கவில்லை. ஊசியை உள்ளூரிலேயே பணம் கொடுத்துப் போட்டார். திட்டத்திற்கான கட்டணமோ வங்கியிலிருந்து தவறாமல் கழிந்தது. நகரத்தில் இருப்பவருக்குப் பொருந்தும் திட்டம் தோட்டப்புறத்தில் இருப்பவருக்குப் பொருந்தாமல் போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. காப்புறுதியோ பெரும்பாலும் மருந்தகத்தைப் பார்ப்பதில்லை, ரசீதைப் பார்க்கிறது. தெலுக் இந்தானில் காட்டினாலும் ஈப்போவில் காட்டினாலும் ஒன்றுதான்.

ஆகையால், என் நிலைப்பாடு இது. பாகான் டத்தோ போன்ற ஊரில் உயர் ரகப் பூனைக்குட்டி ஒன்றை வாங்குவோர், தடுப்பூசி முதலியவற்றுக்கு அருகிலுள்ள மருந்தகத்தில் அவ்வப்போது பணம் கட்டிக்கொள்ளலாம். கால்நடைச் சேவைத் துறையின் சேவை அருகில் கிடைக்குமானால் அதையும் விசாரிக்கலாம். மாதக் கட்டணம் கட்ட முடியுமானால் அதைக் காப்புறுதிக்குக் கட்ட வேண்டும். அதுவும் பூனை குட்டியாகவும் நலமாகவும் இருக்கும்போதே. பரம்பரை நோயை ஏற்கும் திட்டம் கிடைக்கவில்லை என்றாலோ பூனைக்கு வயதாகிவிட்டது என்றாலோ, அதே தொகையைத் தனிக் கணக்கில் சேமிக்கலாம். சேமிப்புக்கு ஒரு குறை உண்டு. மாதம் 40 ரிங்கிட் சேர்த்தால் ஓராண்டில் 480 ரிங்கிட்தான் இருக்கும். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போகும். கணக்கு நிரம்பும்வரை அது காத்திருக்காது.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய வேலை ஒன்று இருக்கிறது. குட்டியை விற்பவரிடம், தாய்க்கும் தந்தைக்கும் மரபணுச் சோதனை செய்த சான்றைக் கேட்க வேண்டும். பெர்சியன் பூனையின் சிறுநீரக நோய்க்கு அப்படிப்பட்ட சோதனை இருக்கிறது. ஒரு முறை செய்தால் போதும். அத்தை குட்டியின் கண் நிறத்தைக் கேட்டார், வால் நீளத்தைக் கேட்டார், விலையைப் பேசிக் குறைத்தார். இதை மட்டும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

“வீட்டுப் பிள்ளைகளுக்கே காப்புறுதி எடுக்க வழியில்லை, பூனைக்கு ஒரு கேடா?” என்று மாமா கேட்டார். இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. மனிதருக்கான பாதுகாப்பு முதலில் வர வேண்டும் என்பதில் எனக்கு மாறுபட்ட கருத்து இல்லை. அந்நிலையில் உள்ள குடும்பம் 1,200 ரிங்கிட் கொடுத்துப் பெர்சியன் பூனை வாங்கியிருக்கத் தேவையில்லை. தெருவில் திரியும் ஒயேன் பூனை ஒன்றை எடுத்து வளர்த்தாலும் அன்புக்குக் குறைவிராது. ஆனால், வாங்கி வீட்டிற்குக் கொண்டு வந்தபின், ‘பூனைதானே’ என்று தட்டிக் கழிக்க முடியாது. 2015ஆம் ஆண்டின் விலங்குகள் நலச் சட்டப்படி, விலங்கை வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து காப்பது உரிமையாளரின் கடமை. விலங்கைக் கொடுமைப்படுத்தும் குற்றத்திற்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டுக்கு மேற்படாத சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். “அந்தக் காலத்தில் தோட்டத்துப் பூனைகள் மீன் தலையைத் தின்று நன்றாகத்தானே இருந்தன?” என்று மாமா அடுத்ததாகக் கேட்டார். இருந்தன. இறந்தும் போயின. எத்தனை, எதனால் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பட்டுவின் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. சிறுநீரகத்திற்கேற்ற உணவும், தோலுக்கடியில் ஏற்றும் திரவமும் அதன் நாள்களை நீட்டிக்கின்றன. மருத்துவரிடம் கற்றுக்கொண்டு அத்தையே இப்போது திரவத்தை ஏற்றுகிறார். துணி உலர்த்தும் கம்பியில் திரவப் பை தொங்குகிறது. மாமா பூனையைப் பிடித்துக்கொள்கிறார். ஈப்போத் திட்டத்தை அத்தை சென்ற மாதம் நிறுத்திவிட்டார். அந்தப் பணம் இப்போது திரவப் பைகளுக்குப் போகிறது.