மட்டை பிள்ளையின் கைக்கா, பெற்றோரின் பெருமைக்கா?



புறப்பாட நடவடிக்கைகள் தொடங்கும் காலத்தில் பெற்றோர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "சார், பையனுக்கு எந்தப் பூப்பந்து மட்டை வாங்கலாம்?" முன்பெல்லாம் என் பதில் ஒரே வரிதான்: "கொஞ்சம் நல்லதாகவே வாங்குங்கள்." அப்பதில் தவறு என்பதை ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எனக்குக் கற்பித்தான்.

அவன் தந்தை கூடுதல் நேரம் வேலை செய்து சேர்த்த பணத்தில், ஐந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து, உலக வீரர்கள் ஆடும் வகை மட்டையை வாங்கித் தந்தார். அதன்பின் பையனின் ஆட்டம் சரிந்தது. பின்கோட்டிலிருந்து அவன் அடித்த பந்து எதிர்ப்பக்கத்தின் நடுப்பகுதியைக்கூட எட்டவில்லை. மூன்றாம் வாரம் தோள் வலிக்கிறது என்றான். நான்காம் வாரம் பயிற்சிக்கே வரவில்லை. அழைத்து விசாரித்தபோது, "எனக்கு விளையாட வராது சார். அப்பா காசு வீணாப் போச்சு" என்றான்.

மட்டையை வாங்கிப் பார்த்தேன். தலைப்பகுதி கனமானது, தண்டு விறைப்பானது, நரம்பின் இறுக்கம் 27 பவுண்டு. குறை பையனிடம் இல்லை. ஒரு வரியில் பதில் சொன்ன என்னிடம் இருந்தது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, எடை. பல மட்டைகளில் 3யு, 4யு, 5யு எனக் குறித்திருப்பார்கள். எண் கூடக்கூட எடை குறையும். 3யு என்பது 85 முதல் 89 கிராம்; 4யு 80 முதல் 84; 5யு 75 முதல் 79. மேல்நிலைத் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு 5யு பொருந்தும். இன்னும் சிறியவர்களுக்கு நீளம் குறைந்த சிறுவர் மட்டையே நல்லது.

இரண்டாவது, சமநிலை. தலை கனத்த மட்டை வலுவாக அடிப்பவருக்கு உதவும். அதைச் சுழற்றப் பழகிய தோள் வேண்டும். தொடங்குவோருக்குக் கனம் சமமாகப் பரவியதோ தலை இலேசானதோ போதும்.

மூன்றாவது, தண்டு. வேகமாகச் சுழற்றும் கைக்கே விறைப்பான தண்டு பயன் தரும். மெதுவாகச் சுழற்றும் பிள்ளைக்கு வளையும் தண்டுதான் பந்தைத் தள்ளிக் கொடுக்கும்.

நான்காவது, நரம்பு. 18 முதல் 22 பவுண்டு இறுக்கம் தொடக்கநிலைக்குப் போதுமானது. இறுக்கம் கூடினால் பந்து நன்றாகப் படும் பரப்பு சுருங்கும். கைக்கும் அதிர்ச்சி கூடும்.

2008, 2012, 2016 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் வெள்ளி வென்ற லீ சோங் வெய்யைப் பார்த்து வளர்ந்த நாடு இது. வெற்றியாளரின் மட்டையைப் பிள்ளைகள் கேட்பது இயல்பே. ஆனால், அம்மட்டை நாள்தோறும் பல மணி நேரம் பழகிய கைக்காகச் செய்யப்பட்டது.

"வளர்ந்ததும் உதவுமே" என்பர் சிலர். பள்ளிச் சீருடையை ஓர் அளவு பெரியதாக வாங்கி மடித்துத் தைக்கலாம். மட்டையை அப்படி மடிக்க இயலாது. கனத்தைச் சமாளிக்கப் பிள்ளை முழங்கையைத் தாழ்த்தி அடிக்கப் பழகினால், அப்பழக்கத்தை மாற்றப் பல மாதங்கள் பிடிக்கும். அதற்காக, மிக மலிவான எஃகு மட்டையை வாங்குங்கள் என்றும் நான் சொல்லவில்லை. அதுவும் பெரும்பாலும் கனமானதே.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையோடு வெவ்வேறு எடையில் நான்கைந்து மட்டைகளைப் பள்ளியில் வைத்திருப்போம். மாணவர் சில வாரம் ஆடிப் பார்க்கட்டும். பிறகு பெற்றோர் வாங்கட்டும். வசதியில்லாத பிள்ளைக்கும் பொருத்தமான மட்டை அதன்வழி கிட்டும்.

அந்த மாணவனுக்குப் பள்ளிச் சாமான் அறையிலிருந்த பழைய 5யு மட்டை ஒன்றைக் கொடுத்தேன். சில வாரங்களில் அவன் அடித்த பந்து பின்கோட்டைத் தொட்டது. அவன் மாவட்ட வீரனாகவில்லை. ஆனால், ஆறாம் ஆண்டு முடியும்வரை ஒரு பயிற்சியையும் தவறவிடவில்லை.

வாசிப்புநிலைக்கு மீறிய நூலைக் கொடுத்துவிட்டு, மாணவனுக்குப் படிக்க வரவில்லை என்று நாம் சொல்வதில்லை. விளையாட்டிலும் அந்த நியாயத்தைக் கடைப்பிடிப்போம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.