பெரியவர்கள் பேசி முடித்த பிறகு

"புருஷன் பெண்டாட்டி சண்டையைப் பெரியவர்களே பேசித் தீர்த்துவிடுவார்கள்; 181 பெண்கள் உதவி எண், ஆலோசனை மையம் என்று போனால் குடும்பம் உடையும்" என்கிறார்கள். அந்தப் பேச்சு எப்படி நடக்கிறது? "அவன் கை நீட்டற அளவுக்கு நீ என்னம்மா சொன்னே?" வீங்கிய கன்னத்தோடு அவள்தான் பதில் சொல்ல வேண்டும். பிறகு காபி வரும். அன்றிரவே அவனோடு அனுப்பிவைப்பார்கள்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகள் இந்தக் கேள்விக்கே இடம் தரவில்லை. ஆலோசனையில் அடித்தவன் தன் செயலுக்கு நியாயம் சொல்லக் கூடாது. பேச்சு தொடங்கும் முன்பே அதை அவனிடம் தெரிவித்துவிட வேண்டும். எந்தக் குடும்பப் பஞ்சாயத்தில் இப்படி ஆரம்பித்திருக்கிறார்கள்?

அரசு மையங்களிலும் "அனுசரிச்சுப் போம்மா" என்கிற ஆலோசகர்கள் உண்டு. அது கொடுமைதான். அவர்களைத் திருத்தச் சொல்லுங்கள், சேர்ந்து குரல் கொடுக்கிறேன். ஆனால் மருத்துவம், சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் எல்லாம் ஒரே இடத்தில் தருவதற்காக வந்த 'சகி' மையத்துக்கே அவளைப் போகாதே என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை? உதவி கேட்டால் தெருவில் நிற்பாள் என்று பயமுறுத்தவும் வேண்டாம். வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையை அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு அவளுக்குத் தருகிறது.